ராக்ஷஸப் பறங்கியில் பக்கக்கொடி ஓடாமை: காரணமும் பரிகாரமும்

கொடிப்பயிர் செய்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கொடி மந்தமாக ஓடினால் எருவைக் கூட்டுவார்கள். எரு வைத்தும் ஓடாவிடில் தண்ணீரைக் கூட்டுவார்கள். இரண்டும் பலிக்காவிடில் விதையின்மீது குற்றம் சொல்வார்கள். சாதாரணப் பறங்கித் தோட்டத்தில் இவ்வழக்கத்தினால் உண்டாகும் நஷ்டம் அதிகமாகப் புலப்படுவதில்லை. ஏனெனில், ஒரு கொடி கெட்டாலும் மற்றக் கொடிகள் காய்த்து அக்குறையை மறைத்துவிடும்.

ஆனால் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு செடியில் ஒரே காயை நிறுத்தி, அதனை ஆயிரம் பவுண்டுக்கு மேல் வளர்த்துப் பந்தயத்திற்குக் கொண்டு செல்லும் பயிர்க்காரர்கள் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு மறுசெடி இல்லை, மறுபோகமும் இல்லை. ஜூன் மாதத்திற் செய்த பிழையை அக்டோபர் மாதத்தில் தராசு காட்டிக் கொடுக்கும். ஆகையால், குறை கண்டவுடன் மருந்து தேடாமல், குறை கொடியின் எவ்விடத்தில் இருக்கின்றது என்று முதலிற் பார்ப்பது அவர்களுள் அநுபவஸ்தர்களின் முறையாகும். அம்முறையை இங்கு விவரிப்போம்.

பயிரின் வரலாறு

ராக்ஷஸப் பறங்கி என்பது தென் அமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட குக்கர்பிட்டா மாக்ஸிமா என்னும் இனத்தைச் சேர்ந்தது. கானடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் என்பவர் 1900-ம் வருஷத்தில் நடந்த பாரிஸ் பொருட்காட்சியில் 400 பவுண்டு எடையுள்ள காயையும், 1904-ம் வருஷத்தில் அமெரிக்காவின் செயிண்ட் லூயி நகரத்துப் பொருட்காட்சியில் 403 பவுண்டு எடையுள்ள காயையும் வைத்தார். அவ்வெடையை 1976-ம் வருஷம் வரையில் எவரும் மிஞ்சவில்லை.

அதன்பின், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வின்ட்ஸர் என்னும் ஊரிலிருந்த ஹோவர்ட் டில் என்னும் விவசாயி, பல வருஷங்கள் பொறுக்கு விதை எடுத்து ‘அட்லாண்டிக் ஜயண்ட்’ என்னும் ரகத்தை உண்டாக்கினார். 1981-ல் அவருடைய காய் 493½ பவுண்டு நின்றது. இந்நாளில் பந்தயத்திற்கு வரும் பெருங்காய்களெல்லாம் பெரும்பாலும் அந்த ரகத்தின் வழிவந்த விதைகளே. 1996-ல் 1,061 பவுண்டும், 2014-ல் 1,054 கிலோவும், 2023-ல் 2,749 பவுண்டும், அதாவது சுமார் 1,247 கிலோவும், எட்டப்பட்டன. விதையின் குணம் இவ்வளர்ச்சிக்கு ஒரு காரணம். கொடியை அமைக்கும் ஒழுங்கு மற்றொரு காரணம். அவ்வொழுங்கில் பக்கக்கொடிகளே பிரதானமானவை.

பக்கக்கொடியின் வேலை

நாற்றிலிருந்து முதலில் ஓடுவது தாய்க்கொடி. அதன் ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலையும், ஒரு பற்றுக்கம்பியும், ஒரு பூ மொட்டும், இலைக்கக்கத்தில் ஒரு பக்கக்கொடிக்குரிய குருத்தும் உண்டு. கணு ஈரமண்ணிற் படிந்தால் அங்கே வேரும் இறங்கும். தாய்க்கொடியை நேராக ஓடவிட்டு, பக்கக்கொடிகளை இருபுறமும் அதற்குக் குறுக்காகத் திருப்பி, கணுக்களை மண்ணால் மூடிக்கொண்டே செல்வார்கள். பக்கக்கொடியிலிருந்து மறுபடியும் கிளைக்கும் சிறுகொடிகளை இளமையிலேயே கிள்ளிவிடுவார்கள். அடித்தூரின் அருகிலுள்ள பக்கக்கொடிகள் நீளமாகவும், நுனியை நோக்கிச் செல்லச் செல்ல அவை குறுகியும் இருப்பதால், மேலிருந்து பார்க்கச் செடி கோபுர வடிவமாகத் தோன்றும். பக்கக்கொடிகள் 10 முதல் 15 அடி வரை ஓடியபின் அவற்றின் நுனியைக் கிள்ளி மண்ணிற் புதைத்துவிடுவார்கள்.

இவ்வாறு வேர்விட்ட ஒவ்வொரு பக்கக்கொடியும் தன்னளவில் ஒரு தனிச் செடிக்குச் சமானம். தன் வேரினால் நீரை எடுத்து, தன் இலைகளாற் சர்க்கரையை உண்டாக்கி, அதைத் தாய்க்கொடி வழியாகக் காய்க்கு அனுப்புகின்றது. நல்ல பருவத்தில் ஒரே நாளில் 40, 50 பவுண்டு எடை ஏறும் காய்க்கு இத்தனை இலையும் வேரும் வேண்டும். பக்கக்கொடி இல்லாத செடி, வாய்க்கால் இல்லாத ஏரியைப் போன்றது.

குறையென்று கொள்ளத் தகாதவை

சிகிச்சைக்கு முன் குறை உண்மையானதா என்று நிச்சயித்துக் கொள்ள வேண்டும். இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் அமைந்திருப்பதால், பக்கக்கொடிகளும் மாறி மாறியே வரும். ஒரே கணுவில் இருபுறமும் கொடியை எதிர்பார்த்தல் தவறு. அடித்தூரை ஒட்டிய முதல் இரண்டு மூன்று கணுக்களில் கொடி வராமலோ மெலிந்தோ இருப்பதும் உண்டு. தாய்க்கொடியின் நுனியை அடுத்த சில கணுக்களில் குருத்து இன்னும் வெளிவந்திராது. அவைகளுக்குக் காலம் வரவில்லை என்பதே பொருள்.

ஆகவே, கண்மதிப்பை நம்பாமல், ஒவ்வொரு பக்கக்கொடியின் நுனியிலும் ஒரு சிறு குச்சியை நட்டு, மூன்று நாள் கழித்து நுனி எத்தனை அங்குலம் தாண்டியது என்று அளந்து எழுதிவைக்க வேண்டும். தாய்க்கொடியையும் அவ்வாறே அளக்க வேண்டும். வெயில் ஏறிய காலத்தில் தாய்க்கொடி நாளொன்றுக்கு அரையடிக்குக் குறையாமல் ஓடும். அது ஓடிக்கொண்டிருக்கப் பக்கக்கொடி மட்டும் நின்றதா, இரண்டும் நின்றனவா என்பதே முதலில் அறிய வேண்டியது. அளவில்லாமற் செய்யும் சிகிச்சை இருட்டில் எறிந்த கல்.

இடம் பார்த்துக் காரணம் அறிதல்

முதலாவது: செடி முழுதும் மந்தம். தாய்க்கொடி, பக்கக்கொடி இரண்டும் நின்று, இலைகள் சிறுத்து வெளிறியிருந்தால், குறை வேரில் இருக்கின்றது. குளிர்தேசங்களில் இதற்கு முதற்காரணம் மண்ணின் குளிர்ச்சி. பறங்கி விதை 85 முதல் 90 பாகை ஃபாரன்ஹீட் உஷ்ணத்தில் நன்றாக முளைக்கும். மண் 60 பாகைக்குக் கீழ் குளிர்ந்திருந்தால் வேர் நகராது. ஏப்ரல் மாதக் கடைசியில் வீட்டிற்குள் முளைக்கவைத்து, மே மாதத்தில் வயலில் நட்டு, மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் விரிப்போ இட்ட சிறு கூண்டினால் மூடுவது அதனால்தான். தொட்டியில் அதிக நாள் வைத்திருந்த நாற்றின் வேர் சுற்றிச் சுருண்டிருந்தாலும், மண் இறுகியிருந்தாலும், தண்ணீர் தேங்கினாலும் இதே அடையாளங்கள் தோன்றும். அடித்தூரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு மெல்லிய கம்பியை மண்ணிற் குத்திப் பார்க்கவும். கம்பி ஆறு அங்குலத்தில் நின்றுவிட்டால் மண் இறுகியுள்ளது. பிடி மண்ணை எடுத்து முகர்ந்தால் புளித்த நாற்றம் அடிக்குமாகில் நீர் தேங்கியுள்ளது. நீரை நிறுத்தி, வடிகால் எடுத்து, வேர் இன்னும் எட்டாத வெளிப்புறத்து மண்ணை மட்டும் நெகிழ்த்துவதே பரிகாரம். தோட்டத்தில் நடப்பதற்குப் பலகைகள் போடுவதும் அவசியம். மனிதன் காலால் மிதித்த மண்ணை வேர் எளிதில் ஊடுருவாது.

இலைகளின் ஓரம் கருகி, மண்ணின்மேல் வெள்ளைப் பூச்சுப் படிந்திருந்தால், உரம் மிகுந்து உப்பாகிவிட்டது. அங்கே மேலும் உரம் வைப்பது பசியென்று எண்ணி அஜீரணக்காரனுக்குச் சோறிடுவதாகும். நல்ல தண்ணீரை ஒருமுறை நிறையப் பாய்ச்சி வடியவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். கீழ் இலைகள் முதலில் மஞ்சளானால் மட்டுமே தழைச்சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம். அப்பொழுதும் மண் பரிசோதனை செய்து, மண்ணின் புளிப்புத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 6.5 முதல் 6.8-க்குள் இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே உரம் இட வேண்டும்.

இரண்டாவது: தாய்க்கொடி மட்டும் ஓடுதல். கொடியின் நுனிக்குருத்தில் உண்டாகும் ஆக்ஸின் என்னும் பொருள் கீழ்நோக்கி இறங்கி, பக்கக்குருத்துகளை அடக்கிவைக்கும் இயல்புடையது. நுனி தூரம் செல்லச் செல்ல அவ்வடக்குமுறை தளர்ந்து குருத்துகள் விடுபடும். இளஞ்செடியில் இது தானே நேராகும். ஆனால் மூடிய கூண்டிற்குள் உஷ்ணம் மிகுந்து வெளிச்சம் குறைந்தாலோ, மர நிழல் படிந்தாலோ, கணுக்களின் இடைவெளி நீண்டு, கொடி மெலிந்து, பக்கக்குருத்துகள் உறங்கிவிடும். கூண்டைப் பகலில் திறந்து காற்றும் வெயிலும் படச்செய்தால் ஒரு வாரத்திற்குள் மாறுதல் காணலாம். தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளினால் பக்கக்கொடிகள் உடனே கிளம்பும் என்பது உண்மையே. எனினும் காயை நிறுத்த வேண்டிய கொடி அதுவாகையால், அது கடைசி உபாயம். நுனி தற்செயலாக ஒடிந்துபோனால், அதற்கடுத்த பலமுள்ள பக்கக்கொடி ஒன்றைத் திருப்பித் தாய்க்கொடியாக்கிக் கொள்ளலாம்.

மூன்றாவது: ஒருபுறம் மட்டும் குறை. இடப்புறக் கொடிகள் செழித்து வலப்புறம் மெலிந்திருந்தால், விதையின்மீதோ எருவின்மீதோ பழி சுமத்த இடமில்லை. இரண்டும் இருபுறத்திற்கும் பொது. அந்தப் பக்கத்தில் வேறாக இருப்பது யாது என்று பார்க்க வேண்டும். காற்று வீசும் திசையா, வேலி மரத்தின் வேர் வந்து சத்தை இழுக்கின்றதா, ஆட்கள் நடக்கும் பாதையா, தண்ணீர் எட்டாத மேடா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கவும். காற்று இளங்கொடியைப் புரட்டி, இறங்கிய வேரை அறுத்துவிடும். ஆகையால் காற்று வரும் திசையில் தட்டி நாட்டி, கொடியின் இருபுறமும் குச்சிகளைக் குறுக்காக நட்டுப் பிடித்து, கணுக்களை மண்ணால் மூட வேண்டும். கொடியைத் திருப்புவது பிற்பகல் வெயிலிற் செய்ய வேண்டிய வேலை. அப்பொழுது கொடி துவண்டு வளைந்து கொடுக்கும். காலையில் நீர் நிறைந்து விறைத்திருப்பதால் கைபட்டவுடன் ஒடியும்.

நான்காவது: நுனி கெட்டிருத்தல். பக்கக்கொடி சிறிது ஓடியபின் நுனி கருகியோ சுருண்டோ நின்றால், அந்நுனியைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். இலையில் பச்சையும் மஞ்சளும் கலந்த திட்டுகள் இருந்து இலை சுருங்கினால், அசுவினிப் பூச்சி பரப்பும் தேமல் வைரஸ் நோயாக இருக்கலாம், இதற்கு மருந்தில்லை. நோய் மிகுந்த செடியை அகற்றுவதே அடுத்த செடியைக் காக்கும் வழி. நுனி மடிந்து தண்டு நொறுங்குந் தன்மையுடன் இருந்தால் போரான் சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம். ஆனால் போரான் சிறிது மிகுந்தாலும் நஞ்சாகும். இலைப் பரிசோதனையின்றி இடக்கூடாது.

இளஇலைகள் கிண்ணம்போற் குவிந்து, நரம்புகள் நெருங்கி, நுனி முறுக்கிக்கொண்டால், எருவிற் களைக்கொல்லி கலந்திருக்கலாம். புல்வெளிகளில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிக்கும் அமினோபைரலிட் போன்ற மருந்துகள், அப்புல்லைத் தின்ற மாடு குதிரைகளின் சாணத்திலும் அழியாமல் தங்கும். இங்கிலாந்தில் இவ்வாறு பல தோட்டங்கள் சேதமுற்றதன் பேரில் 2008-ம் வருஷத்தில் அம்மருந்தின் விற்பனை சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. வாங்கிய எருவை வயலிலிடுமுன், மண்ணுடன் கலந்து இரண்டு மூன்று தொட்டிகளில் நிரப்பி அவரை விதையை ஊன்றிப் பார்க்கலாம். எரு கலவாத தொட்டி ஒன்றையும் ஒப்பிடுவதற்கு வைக்கவும். மூன்று வாரத்தில் எருத்தொட்டி நாற்றின் இலைகள் மட்டும் குவியுமாகில் அவ்வெருவைத் தொடக்கூடாது.

சில செடிகளில் தாய்க்கொடியே உருண்டை வடிவம் மாறி நாடாவைப் போலத் தட்டையாகி, இலைகள் நெருங்கி, பக்கக்கொடிகள் மெல்லிய கூட்டமாகக் கிளம்பும். இது நோயன்று, வளர்ச்சிக் கோளாறு. கொடி உருண்டையாக இருக்கும் இடம்வரை வெட்டிவிட்டு, நல்ல பக்கக்கொடி ஒன்றைத் தாய்க்கொடியாக ஓடவிடுவர்.

ஐந்தாவது: ஒரே ஒரு பக்கக்கொடி திடீரென்று வாடுதல். அதன் அடிப்பாகத்தில் மரத்தூள் போன்ற எச்சம் காணப்பட்டால், வட அமெரிக்காவிற் பரவியுள்ள கொடித்துளைப்பான் புழு உள்ளேயிருக்கின்றது. தண்டை நீளவாட்டிற் கீறிப் புழுவை எடுத்துவிட்டு, கீறிய இடத்தை ஈரமண்ணால் மூடினால் அங்கேயே புதுவேர் இறங்கும். எச்சம் இல்லாமல் வாடினால், கொடியைக் குறுக்கே வெட்டி, இரு முனைகளையும் ஒட்டவைத்து மெதுவாகப் பிரிக்கவும். பிசின்போன்ற நூல் இழுபட்டால் அது வண்டினாற் பரவும் பாக்டீரியா வாடல் நோய். அச்செடிக்கு மீட்சியில்லை.

கொடியா, காயா?

இதுவரை சொன்ன குறைகள் கொடியைப் பற்றியவை. ஆறாவது குறை காயினால் வருவது; இதில்தான் பயிர்க்காரனுடைய மனவுறுதி பரீட்சிக்கப்படுகின்றது. அடித்தூரருகில் நன்றாக ஓடிய பக்கக்கொடிகள், ஒரு காய் பிடித்தவுடன் மெதுவாக நின்றுவிடும். காயானது செடியின் சர்க்கரை முழுவதையும் தன்பால் இழுக்கும் வலிமை படைத்தது. செடி கோபுர வடிவம் பெற்ற பின் இது நிகழ்ந்தால் குறையன்று. அதற்காகவே செடி வளர்க்கப்பட்டது. ஆனால் தாய்க்கொடி ஆறேழு அடி ஓடியவுடனே காய் பிடித்துவிட்டால், இரண்டடிப் பக்கக்கொடிகளோடு செடி நின்றுபோகும். எந்த எருவும் அதனை ஓட்டாது.

ஆகவே தாய்க்கொடி பத்துப் பன்னிரண்டு அடி கடந்தபின் வரும் பெண் பூவையே அவர்கள் கையினால் மகரந்தம் சேர்த்து நிறுத்துகின்றனர். ஜூன் மாதக் கடைசியிலிருந்து ஜூலை மாதம் முதல் பத்து நாட்களுக்குள் இது நடைபெறுவது வழக்கம். முந்திப் பிடித்த காய் உருண்டு திரண்டு அழகாக நிற்கும். அதைக் கிள்ள மனம் வராது. எனினும் அது இருக்கும்வரை பக்கக்கொடி வளராது. பின்வரும் பிஞ்சுகளும் வெம்பி உதிரக்கூடும். ஜூன் மாதத்திற்குள்ளாகில் தயங்காமல் அகற்றுதல் நன்று. ஜூலை மாதத்தின் நடுப்பகுதி கடந்துவிட்டால், புதிய காய் வளர்வதற்கு உறைபனிக்கு முன் போதிய நாட்கள் இரா. அப்பொழுது இருக்கும் காயைக் காப்பாற்றி, அவ்வருஷத்தைப் பாடமாகக் கொள்ள வேண்டும். ஒரு காயைக் காலத்தில் இழக்கத் துணிந்தவன் பெருங்காயைப் பெறுகின்றான். இழக்க மனமில்லாதவன் இரண்டையும் இழக்கின்றான்.

நம் நாட்டுப் பறங்கிக்கு

நம் தோட்டங்களிற் பெரும்பாலும் பயிராகும் பறங்கி, குக்கர்பிட்டா மாஸ்கேட்டா என்னும் நெருங்கிய இனத்தைச் சேர்ந்தது. நமக்கு வேண்டியது பந்தயக் காயன்று. சந்தைக்குச் செல்லும் நடுத்தரக் காய்கள் பல. குளிர்ச்சியைப் பற்றிய மேற்கண்ட குறிப்பும், ஒரு காயை மட்டும் நிறுத்தும் முறையும் நமக்குப் பொருந்தா. கொடித்துளைப்பான் புழுவிற்குப் பதிலாக, இளஞ்செடியின் விதையிலைகளைத் தின்னும் செவ்வண்டு நமது முதற் பகை. ஆனால் நமது கொடியிற் பக்கக்கொடிகளும் காய்ப்பனவாகையால், அவை ஓடாவிடில் மாசூல் நேராகக் குறையும். நீர் தேங்கிய குழி, மிதிபட்ட வரப்போரம், மர நிழல், உப்பேறிய உரம், தேமல் நோய் ஆகியவை இரு நாடுகளுக்கும் பொது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இம்முறை உபயோகமாகும். பயிர் கெட்டதென்று ஒருவர் முறையிடும்பொழுது, செடி முழுதுமா, ஒருபுறமா, நுனியிலா, ஒரே கொடியிலா என்னும் நான்கு கேள்விகளையும் கேட்டு எழுதிக்கொண்டால், விவசாய அலுவலருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். “கொடி ஓடவில்லை” என்று மட்டும் எழுதிய அறிக்கையினால் ஒருவருக்கும் பயனில்லை.

சுருக்கம்

1. பக்கக்கொடி ஓடவில்லை என்று சொல்லுமுன் மூன்று நாள் அளந்து பார்க்கவும்.

2. செடி முழுதும் நின்றால் வேரையும் மண்ணையும் பார்க்கவும். தாய்க்கொடி மட்டும் ஓடினால் வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் பார்க்கவும். ஒருபுறம் நின்றால் அப்புறத்து இடத்தைப் பார்க்கவும்.

3. நுனி கெட்டால் நோய், சத்துக்குறைவு, எருவிற் கலந்த களைக்கொல்லி ஆகியவற்றைச் சோதிக்கவும். ஒரு கொடி திடீரென்று வாடினால் தண்டைச் சோதிக்கவும்.

4. பந்தயக் காய்க்காக வளர்க்கும் கொடியில், கொடி வளருமுன் பிடித்த காயைக் காலத்தில் அகற்றவும்.

5. காரணம் தெரியாமல் எருவோ மருந்தோ வைக்க வேண்டாம். ஒரு சமயத்தில் ஒரு மாறுதலை மட்டும் செய்து, அதன் பலனை அளந்து பார்த்த பின்னரே மற்றொன்றைச் செய்யவும்.